காற்று தின்ற பதில்

அடுப்பு வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கண்ணுகளா. கதவை இறுகச் சாத்திவிட்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். வெளியே வாடைக்காற்று அடிக்கிற அடியில் நான் சொல்வதில் பாதிதான் காதில் விழும். இன்று சொல்லப்போகிற கதையும் பாதி காதில் விழுந்ததால் வந்த வினைதான். முழுசாகக் கேளுங்கள்.

இறால் கருவாடு விற்கிற நா சிரிலாவை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் காயல் பக்கத்தில் மூத்த பெண்களை ‘நா’ சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவளுடைய இடது கால் சுண்டுவிரலில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த புண் இன்னும் ஆறவில்லை. மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை.

மெக்சிக்கோ நகரத்திலிருந்து வந்திருக்கும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பாள். அதற்குள் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாள். அங்கே விரலை எடுப்பார்கள். விரலோடு நிற்குமா, பாதம் வரை போகுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்று நாள் சண்டை போட்ட பிறகு நா சிரிலா மருந்துக் குப்பியை வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டுக்கறேன்” என்று மகள் தலையில் கைவைத்து வாக்குக் கொடுத்தாள். அங்கேதான் போன வாரம் விட்டோம்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மகள் நெரெய்தாவுக்குச் சுகாதார நிலையத்தில் வேலை. ஊசி குத்துகிற வேலை இல்லை, சேதி எழுதுகிற வேலை. தடுப்பூசிக்கு வாங்க, தொட்டித் தண்ணீரை மூடி வையுங்க என்று ஊருக்குச் சொல்லவேண்டியதை யாருக்கு எப்படிச் சொன்னால் ஏறுமோ அப்படி எழுத வேண்டும். ஊரில் புதிதாகப் பதினொரு பேருக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்து ஒருவரும் தொடவில்லை. ஊசி போட்டால் கண் போய்விடும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் பதினொரு பேரையும் இன்று காலை ஒன்பது மணிக்கு வரவழைத்து ஊசி போடக் கற்றுக்கொடுப்பதாக ஏற்பாடு.

அதற்காக அவள் மூன்று விதமாக எழுதியிருந்தாள். இளவட்டங்களுக்குச் செல்போனில் ஒன்று. ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஸ்பானிய மொழியில் ஒன்று. சந்தைப் பெண்களுக்கு எங்கள் சாப்போதெக் மொழியில் ஒன்று, அவளே பேசிப் பதிவு செய்தது.

ஏழு மணிக்கு அவள் தம்பி எலிசெயோ தன் ஆட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஆட்டோக்காரனுக்கு எழுதினது நல்லாத்தான் இருக்கு அக்கா. ‘பிரேக்கை மிதிக்கக் கால் வேணும்’. ஆனா என் வண்டியில பிரேக்கே கிடையாதே.”

“கயித்தை ஒழுங்காக் கட்டு. காத்து தூக்கிட்டுப் போயிடும்.”

“சந்தைக்கு எழுதினதைச் சொல்லு.”

அவள் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். “இன்சுலின் ஊசி போட்டா கண் போகுமா? போகாது. கண்ணைக் கெடுக்கறது சர்க்கரை. அதை அடக்கறது ஊசி. ஒன்பது மணிக்குச் சுகாதார நிலையத்துக்கு வாங்க.”

“கேள்வியிலயா ஆரம்பிக்கறே?”

“ஊர்ல எந்த மைக்குடா கேள்வி கேக்காம ஆரம்பிக்குது? ‘பன்னிக்கறி யாருக்கு வேணும்? கறி வந்திருக்கு.’ கேள்வி கேட்டாத்தான் நம்ம ஆளுங்க காதைக் குடுப்பாங்க.”

“அதுவும் சரிதான்” என்று எலிசெயோ வண்டியைக் கிளப்பினான். நாமும் அந்த இடத்தில் சரி என்றுதான் சொல்லியிருப்போம்.

ஒன்பது மணி ஆயிற்று. சுகாதார நிலையத்தில் பதினொரு நாற்காலிகளும் காலி. டாக்டரம்மா குத்திப் பழகுவதற்குப் பொம்மைத் தோலும் உப்புத் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பத்து மணிக்கு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பத்தரைக்கு ஒரு பெண் தலைமுண்டு காற்றில் பறக்க உள்ளே வந்தாள். கையில் ஈரத்துணியில் சுற்றிய குப்பி.

“மாமியார் இதைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

“நீங்கதான் காலைல மைக்குல சொன்னீங்களாம், ஊசி போட்டா கண்ணு போயிடும்னு. இத்தனை நாள் மறைச்சாங்க, இப்பவாவது வாயைத் திறந்தாங்களேன்னு சந்தையே பேசுது.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“உங்க குரல்தானாம்க்கா. உங்க அம்மாவே சொன்னாங்களாம்.”

நெரெய்தா பையைக்கூட எடுக்கவில்லை. சந்தைக்கு ஓடினாள்.

நா சிரிலா தன் கூடைகளுக்கு நடுவே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். புண் கால் மட்டும் பாவாடைக்குள் ஒளிந்திருந்தது. மகளைப் பார்த்தும் பாராதவள்போல இறாலைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தாள்.

“வாடியம்மா, உண்மை பேசுன மகராசி” என்றாள் எதிர்க்கடைக்காரி. “சம்பளம் வாங்கற இடத்தையே காட்டிக் குடுத்திட்டியே.”

“அம்மா, நான் சொன்னதை நீ முழுசாக் கேட்டியா?”

“வண்டி நின்னுச்சா, முழுசாக் கேக்க?” நா சிரிலா தலை நிமிரவில்லை. “என் வயித்துல பொறந்தவ குரல் எனக்குத் தெரியாதா. ‘ஊசி போட்டா கண் போகுமா’ன்னு கேட்டே. மைக்குல பன்னிக்கறி வேணுமான்னு கேட்டா என்ன அர்த்தம்? கறி இருக்குன்னு அர்த்தம். சொல்லணும்னு மனசு வந்துதான் கேட்டிருக்கே. நல்லது. வீட்டுக்குப் போனதும் அந்தக் குப்பியைக் கிணத்துல போடறேன்.”

“நீ வாக்குக் குடுத்தேம்மா.”

“காலு போனா உக்காந்து வியாபாரம் பண்ணுவேன். கண்ணு போனா என் கூடையில எவ கை விடறான்னு யாருடி சொல்லுவா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். பக்கத்துக் கடையில் மீன் விற்கிற நா தோமாசா. சந்தையில் எந்த வம்பிலும் முதல் வாய் அவளுடையதுதான். இன்றைக்கு வாயைத் திறக்காமல் ஐஸ் பெட்டியின் மேல் சாக்கை இழுத்து மூடினாள்.

நெரெய்தாவுக்கு அந்தச் சாக்கின் அர்த்தம் தெரியும். சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் நா தோமாசாவின் பெயர் இருக்கிறது. நான்கு வருஷமாக இரண்டு வேளையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். குப்பி அந்தப் பெட்டிக்குள்தான். இந்தச் சந்தையிலேயே நல்ல பார்வை அவளுக்குத்தான். வஞ்சிர மீனின் செவுளை மூன்று கடை தள்ளியிருந்தே பார்த்துப் பழசா புதுசா என்று சொல்வாள். ஒரு வார்த்தை போதும். ‘அம்மா, உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்’ என்று சொன்னால் போதும்.

அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பதிவேட்டில் எழுதியிருப்பது ஊருக்குச் சொல்வதற்கில்லை. அவள் அதை விழுங்கிவிட்டு வெளியே நடந்தாள்.

சந்தை வாசலில் எலிசெயோ ஆட்டோவை நிறுத்தியிருந்தான். செய்தி அவனுக்கும் வந்துவிட்டிருந்தது.

“நடுவுல நிறுத்தினியாடா? சத்தியமாச் சொல்லு.”

“ஒரு எழுத்து வெட்டலக்கா. சந்தை வாசல் வந்ததும், அம்மா கடைக்கு முதல்லேருந்து கேக்கட்டுமேன்னு திருப்பிப் போட்டேன். அதுகூடத் தப்பா?”

“இப்ப அதே மாதிரி போ. நான் இங்க நிக்கறேன்.”

“மறுபடியும் அதையேவா? என்னைக் கல்லால அடிப்பாங்க.”

“சத்தத்தைக் குறைச்சுப் போடு. போடா.”

ஆட்டோ அவளைக் கடந்து போயிற்று. ‘இன்சுலின் ஊசி போட்டா கண் போகுமா?’ என்று அவள் குரலே அவள் காதில் அறைந்தது. அதற்குள் வண்டி கோயில் மூலையில் திரும்பியது. வாடைக்காற்று ‘போகாது’ என்ற சொல்லை அப்படியே அள்ளிக் காயல் பக்கம் கொண்டுபோயிற்று. பிறகு இரைச்சல்தான். ஏழு விநாடிகூட இருக்காது.

அவள் அடுத்த தெருவுக்குப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டாள். அங்கே ‘கண்ணைக் கெடுக்கறது’ என்று மட்டும் விழுந்தது. அதற்கடுத்த வாசலில் ‘ஊசி. ஒன்பது மணிக்கு’ என்று விழுந்தது. சேர்த்துப் பார்த்தால் அவளே ஊசிக்கு எதிராகத் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்திருக்கிறாள்.

சுற்றிவந்த எலிசெயோ இறங்கி அவள் முகத்தைப் பார்த்தான்.

“அக்கா, நான் அஞ்சு வருஷமா இறாலுக்குக் கத்தறேன். ‘இறால். சிரிலா கடை இறால். இன்னைக்குக் காஞ்ச இறால்.’ எங்க வெட்டினாலும் இறால்தான். நீ எழுதினது உக்காந்து படிக்கறதுக்கு. இது ஓடற வண்டி.”

“ஏன்டா காலையிலயே சொல்லல?”

“நீ படிச்சவ. நான் பிரேக் இல்லாதவன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். கேள்வி வேண்டாம். கண் போகும் என்ற பேச்சே வேண்டாம். எங்கே அறுந்தாலும் தனியாக நிற்க வேண்டும். ‘ஊசி காலைக் காப்பாத்துது.’ ‘ஊசி போட்டவங்க மே மாசத் திருவிழாவுல ஆடுவாங்க.’ எங்கள் பெண்களுக்கு மே மாதத்தில் ஆடாமல் நிற்பதைவிடச் சாவு மேல் என்று அவளுக்குத் தெரியும்.

“இது நிக்கும்” என்றான் எலிசெயோ. “ஆனா உன் குரல் வேணாம். உன் குரலை இன்னைக்கு எவளும் நம்ப மாட்டா.”

யார் குரலை நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மதியம் சந்தைக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற கொட்டகையில் நா தோமாசாவைத் தனியாகப் பிடித்தாள்.

“பேசாதே” என்றாள் நா தோமாசா, அவள் வாய் திறக்குமுன். “எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். என் வாயால வராது.”

“உங்க பேரு வெளிய வராது நா. நான் செத்தாலும் வராது. மைக்குலகூட வேணாம், அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை.”

“உங்கம்மாகிட்டச் சொன்னா சந்தைக்கே சொன்ன மாதிரி. நாலு வருஷமா மீனுக்கு அடியில வெச்சுக் காப்பாத்தறேன், என் மருமகளுக்கே தெரியாது. ஊசியில நிக்கறவன்னு தெரிஞ்சா சாவுக்கு நாள் எண்ணறவன்னு பாப்பாங்க. சாகப்போறவ கையால எவ மீன் வாங்குவா?”

நெரெய்தா கிளம்பத் திரும்பினாள்.

“இரு.” நா தோமாசா ஐஸ் குத்துகிற கம்பியைக் கீழே வைத்தாள். “நீங்க எல்லாரும் ஒண்ணை மறைக்கறீங்க. முதல் வாரம் எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. மீன் செதிலே தெரியல. ஊர் சொன்னது நிஜம்னு கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். எவளும் முன்னாடி சொல்லல. நாலு வாரத்துல தானாத் தெளிஞ்சுது. ஊசியை விட்டுடாம இருந்தேனே, அது என் வீம்புதான். உன் காகிதத்துல அது இருக்கா?”

அது டாக்டரம்மா கொடுத்த குறிப்பில் இருந்தது. ஏறிக்கிடந்த சர்க்கரை இறங்கும்போது சிலருக்குக் கொஞ்ச நாள் பார்வை மங்கும், பிறகு தெளியும் என்று. பயந்துவிடுவார்கள் என்று நெரெய்தாதான் அதை அடித்துவிட்டிருந்தாள்.

“இல்லை, நா.”

“அப்ப உங்களைவிடப் பன்னிக்கறி விக்கற மைக்கே மேல், அதுவாவது இருக்கறதைச் சொல்லுது” என்று நா தோமாசா ஐஸை ஓங்கிக் குத்தினாள்.

புது வரிகளைச் சொல்லக் குரல் கிடைக்காமல் ஒலிபெருக்கி சும்மா கிடந்தது. சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். நா சிரிலா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். குப்பி இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. கிணறு அடுத்த வீட்டில், நடக்கக் கால் வலித்தது.

சமையலறையில் எலிசெயோ கிசுகிசுத்தான். “மங்கும்னு மட்டும் சொல்லிடாதேக்கா. காலைல கேள்வி கேட்டதுக்கே இந்தக் கதி.”

“வண்டியில சொல்ல மாட்டேன். அந்த வாக்கியம் பாதியில அறுந்தா கொலைகாரி ஆயிடும். இது முன்னாடி உக்காந்து சொல்ற சேதி.”

“சொன்னா ஊசி போட மாட்டா.”

“சொல்லாம போட்டு மங்கிச்சுன்னா, அதோட எதையும் போட மாட்டா.”

அவள் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். காற்று கூரைத் தகட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முழுசாகக் கேட்கட்டும் என்று அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் வண்டி திரும்பிய மூலையைச் சொன்னாள். புண் ஏன் ஆறவில்லை என்று சொன்னாள். ஊசி போட்ட முதல் வாரங்களில் பார்வை மங்கலாம், தெளிந்துவிடும், மங்கினால் மறைக்காமல் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

“இதை ஏன் போன வாரமே சொல்லல?”

“நீ பயப்படுவேன்னு நான் பயந்தேன்.”

நா சிரிலா குனிந்து தன் கால் சுண்டுவிரலைப் பார்த்தாள். கட்டுத்துணியில் மஞ்சள் கசிந்திருந்தது.

“ஊசியை எடு” என்றாள். “ஆனா முதல்ல கணக்கு நேரா இருக்கட்டும். இன்னைக்கு என் கண்ணு எவ்வளவு பாக்குதுன்னு எழுதி வெச்சுக்கோ. நாளைக்குக் குறைஞ்சா உன்னை உரிச்சுடுவேன்.”

எதிர்ச்சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். “ஜனவரி.” பெரிய எழுத்து. “செவ்வாய்.” அதுவும் பெரிது. பிறகு எல்லாவற்றுக்கும் கீழே இருந்த பொடி எழுத்து வரி. அதைத் தடங்கலே இல்லாமல் படித்தாள். “எஸ்பெரான்சா ரொட்டிக்கடை. சந்தைக்குத் தெற்கே. ஞாயிறு விடுமுறை.”

எலிசெயோ எதையோ சொல்ல வாயெடுத்தான். நெரெய்தா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ரொட்டிக்கடைக் காலண்டர் போன வருஷத்தது. பத்து நாளைக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு இரும்புக்கடைக் காலண்டரை மாட்டியவன் அவன்தான்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்மா” என்றாள் நெரெய்தா. எல்லாம் தெரிகிறது என்று எழுதியிருந்தாள்.

மருந்தை அளந்து ஊசியில் ஏற்றி நீட்டினாள். நா சிரிலா ஊசியைத் தானே வாங்கிக்கொண்டாள். வயிற்றுச் சதையைப் பிடித்து, இறால் ஓடு உரிக்கிற லாவகத்தில் குத்தினாள். “இவ்வளவுதானா” என்றாள். பிறகு மகனைப் பார்த்து, “தொத்தோப்போ ரொட்டி சூடா வாங்கிட்டு வா, பசிக்குது” என்றாள். அவன் வெளியே போகிற வரை காத்திருந்தாள்.

ஆட்டோ சத்தம் தெருமுனையில் கரைந்தது.

“அது போன வருஷத்துக் காலண்டர்ல இருந்தது, இல்ல?”

நெரெய்தா காகிதத்தை மடியில் வைத்தாள். “ஆமாம்மா.”

“தம்பி மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். மூஞ்சி தெரியுது. எழுத்து தெரியல.”

“எப்போலேருந்து?”

“மழைக்காலத்துலேருந்து. இறாலை விரலால தடவித்தான் ரகம் பிரிக்கறேன். இதுவரைக்கும் எவளும் கண்டுபிடிக்கல.”

“அம்மா, இது சர்க்கரையால வந்தது. ஊசியால இல்ல. உடனே கண் டாக்டர் பாக்கணும், நாள் போனா—”

“தெரியும். ஊசிக்கு முன்னாடியே போனது எனக்குத் தெரியாதா?” நா சிரிலா மகளின் வாயில் விரலை வைத்தாள். கருவாட்டு வாசம் அடித்தது. “ஊசியை நான் தினமும் போட்டுக்கறேன். ஒரு வேளை தப்பாம. வெள்ளிக்கிழமை டாக்டர் காலைப் பாக்கட்டும். கண்ணைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா அன்னைக்கே ஊசியை விட்டுடுவேன். சிரிலாவுக்குக் கண்ணு தெரியலன்னா நாளைக்கு என் கூடைப் பக்கம் எவ வருவா?”

ஐஸ் பெட்டிக்குள் ஒரு ரகசியம், ஊசி போட்டும் கெடாத கண்; இந்தக் கட்டிலில் ஒரு ரகசியம், ஊசி போடாமலே கெட்ட கண். இரண்டில் எது வெளியே வந்தாலும் பதினொரு நாற்காலியும் நிறையும். இரண்டும் நெரெய்தாவுடையவை அல்ல. ஒன்றைக் காப்பாற்றினால் ஒரு கடை நிற்கும். இன்னொன்றைக் காப்பாற்றினால், அம்மாவின் கால் நிற்கும், கண் போகும்.

மடியில் அந்தக் காகிதம் இருந்தது. ‘எல்லாம் தெரிகிறது’ என்று அவள் கையெழுத்திலேயே. அதைக் கிழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

என்னருகே இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்களே, என் செல்வங்களே. உங்கள் வீட்டில் ஒளித்துவைக்கிற நோய் யாருக்கும் வராதிருக்கட்டும். வந்தால் அதைச் சொல்லப் பக்கத்தில் ஒரு முழங்கால் இருக்கட்டும், கேட்கிறவர் பாதியில் எழுந்து போகாமல் இருக்கட்டும். உங்கள் கால்கள் மே மாதம் வரை, அதற்கப்புறமும் பல மே மாதங்கள் ஆடட்டும். நல்லா இருங்கள்.